காமிராவில் புகுந்த கள்ள ஒளி

ஒளியைப் போற்றாத மொழியில்லை; ஒளியை வணங்காத சமயமில்லை. அறிவை ஒளி என்கிறோம். அறியாமையை இருள் என்கிறோம். கார்த்திகைத் திங்களில் வாயிற்படிதோறும் அகல்விளக்கு ஏற்றும் மரபில் வந்தவர்கள் நாம். அத்தகைய நாம் இருளைப் போற்றி ஒரு கட்டுரை வரையப் புகுவது அன்பர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வுலகில் ஒரு கருவி உண்டு. அதன் வயிற்றினுள் இருள் குறைவின்றி இருந்தால்தான் அது தன் தொழிலைச் செய்யும். ஊசிமுனை அளவு ஒளி வேண்டாத வழியில் நுழைந்தாலும் அதன் தொழில் கெடும். பிலிம் போட்டுப் படம் பிடிக்கும் காமிராவே அக்கருவி.

நம் மல்லாபூர்க் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை பிழைப்பை நாடி வந்தவை. லாலாகுடா இரயில்வே பணிமனைக்கு வந்தோர் சிலர். மௌலாலிக்கும் நாசாரம் தொழிற்பேட்டைக்கும் வந்தோர் பலர். வரும்போது தகரப் பெட்டியில் வேட்டி சேலையும், பித்தளைப் பாத்திரமும், ஊர்க் கோயில் திருநீறும் கொண்டு வந்தனர். பின்னர்க் கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர்களுள் சிலர் ஒரு காமிராவும் வாங்கினர். ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் பேரப்பிள்ளையின் முகத்தைக் காட்ட அதைவிட நல்ல வழி அந்நாளில் இருக்கவில்லை. இன்று அக்காமிராக்கள் பரண்மேல் உறங்குகின்றன. எடுத்துத் துடைத்துப் பார்க்கும் இளைஞர் ஒருவர், ஒரு பிலிம் சுருளை விலை கொடுத்து வாங்கிப் போட்டுப் பார்க்கிறார். கழுவி வந்தால் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு. "கிழட்டுக் காமிரா, இனி உதவாது" என்று மீண்டும் பரணுக்கே அனுப்பிவிடுகிறார்.

அது கிழத்தன்மையும் அன்று, விதியும் அன்று. எங்கோ ஓர் ஓட்டை, அவ்வளவே. அதற்கு ஒளிக்கசிவு என்று பெயர். நாம் பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட ஓர் இரயில்வே எழுத்தரே. எனினும் இந்த ஓட்டையின் வரலாற்றை அறிந்துகொள்ள நமக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் வரலாறு.

இருட்டறையும் துளையும்

கர்நாடக மாநிலத்தில் துங்கபத்திரை ஆற்றங்கரையில் ஹம்பி என்னும் ஊர் உள்ளது. விசயநகரப் பேரரசின் தலைநகரமாய் விளங்கிய அவ்வூரில் விருபாட்சர் கோயிலுக்குச் சென்று வந்த அன்பர்கள் ஒரு புதுமையைக் கண்டிருப்பார்கள். கோயிலின் உள்ளே இருள் சூழ்ந்த ஓரிடத்தில், சிறு துளையொன்றின் வழியே வரும் ஒளியில், வெளியே நிற்கும் இராசகோபுரத்தின் உருவம் சுவரின்மேல் தலைகீழாக விழுகிறது. லென்சும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இருளும் ஒரு துளையும் மட்டுமே அங்குள்ளன.

பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் என்னும் அரபு அறிஞர், ஒளி நேர்கோட்டில் செல்வதையும், துளை வழியே வரும் ஒளி உருவம் காட்டுவதையும் ஆராய்ந்து எழுதினார். ஐரோப்பியர் இவ்வமைப்புக்கு இலத்தீன் மொழியில் 'காமிரா அப்ஸ்குரா' என்று பெயரிட்டனர். அதன் பொருள் இருட்டறை என்பதே. ஆகவே நாம் இன்று நாவில் வழங்கும் 'காமிரா' என்னும் சொல்லுக்கு 'அறை' என்பதுதான் பொருள். அவ்வறையின் சிறப்பு அதன் இருள்.

ஹம்பியில் கோபுரம் தெரியும் சுவருக்கு எதிரே இன்னொரு சாளரத்தைத் திறந்துவிட்டால் என்னாகும்? கோபுரம் மங்கும், பின்பு மறையும். கோபுரம் அங்கேதான் நிற்கிறது. துளையும் அங்கேதான் உள்ளது. வேண்டாத வெளிச்சம் வந்து வேண்டிய வெளிச்சத்தை விழுங்கிவிட்டது. ஒளிக்கசிவு என்பதன் முழு விளக்கமும் இவ்வளவே.

தஞ்சைக்கு வந்த கப்பித்தான்

சுவரில் விழும் உருவத்தை நிலைநிறுத்தும் வழியைப் பிரெஞ்சு நாட்டு தாகேர் என்பவர் கண்டார். 1839-ஆம் ஆண்டில் அது பாரிசில் வெளியிடப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் பாக்ஸ் டால்பட் என்பவர் காகிதத்தில் நெகடிவ் எடுக்கும் வழியை வகுத்தார். ஒரு நெகடிவிலிருந்து எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அவருடைய முறையின் நன்மை.

அக்கலை தமிழகத்துக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. லின்னேயஸ் டிரைப் என்னும் கப்பித்தான் சென்னைப் படையைச் சேர்ந்தவர். 1856-இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் சுற்றிப் படமெடுத்தார். அவர் பெரும்பாலும் கையாண்டது மெழுகு ஊட்டிய காகித நெகடிவ். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளை 21 நெகடிவ்களில் அடுத்தடுத்துப் பிடித்து, அவற்றை ஒன்றாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இராசராசன் காலத்து எழுத்து ஒளியால் எழுதப்பட்டது அப்பொழுதுதான்.

இவ்வேலையின் அருமையை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். தஞ்சை வெயில் எத்தகையது என்பதை அவ்வூரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கருங்கல் தளத்தில் மரப்பெட்டி நிற்கிறது. அதனுள் மருந்து பூசிய காகிதம் இருக்கிறது. பெட்டியின் மூட்டு ஒன்று சற்றே பிரிந்தாலும் அக்காகிதம் முழுதும் கருத்துவிடும். 21 படங்களில் ஒன்று கெட்டாலும் கல்வெட்டு அறுந்துபோகும். மாட்டு வண்டியில் ஊர் ஊராகக் குலுங்கிய பெட்டிக்குள் இருளைக் காப்பாற்றி வைத்திருந்தமையால்தான் அப்படங்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

செகந்திராபாத்தில் இராசா தீன்தயாள்

இனி நாம் வாழும் ஊருக்கு வருவோம். இந்தியப் புகைப்படக் கலையின் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்று நமது செகந்திராபாத்துக்கு உரியது என்பதைப் பலர் அறியார். மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் 1844-இல் பிறந்தவர் தீன்தயாள். ரூர்க்கிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1866-இல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைவாளராகவும் மதிப்பீட்டாளராகவும் சேர்ந்தார். அதாவது அவரும் நம்மைப் போல் அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்வைத் தொடங்கியவரே. பின்னர்ப் புகைப்படக் கலையில் மனம் சென்றது. 1880-களின் நடுவில் ஆறாம் நிசாம் மீர் மஹபூப் அலிகானின் அரசவைப் புகைப்படக்காரரானார். செகந்திராபாத்தில் அவருடைய ஸ்டுடியோ புகழ்பெற்று விளங்கியது. 1892-இல் ஐதராபாத்தில் கோஷாப் பெண்களுக்கென்றே ஒரு தனி ஸ்டுடியோவையும் திறந்து, அதனை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். நிசாம் அவருக்கு 'இராசா' என்னும் பட்டம் அளித்தார். 1905-இல் அவர் மறைந்தார். அவருடைய கண்ணாடி நெகடிவ்களில் 2857 தகடுகளை 1989-இல் புதுதில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பெற்றுப் பாதுகாத்து வருகிறது.

தீன்தயாளின் காலத்தில் காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித் தகடு பிடித்துக்கொண்டது. முதலில் வந்தது ஈரத் தகடு. 1851-இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ட முறை அது. தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன் படமெடுத்து, காயும் முன்பே கழுவியும் ஆக வேண்டும். ஆகையால் படமெடுப்பவர் போகுமிடமெல்லாம் ஓர் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்து சென்றனர். 1871-இல் மேடாக்ஸ் என்னும் மருத்துவர் உலர்தகடு முறையைக் காட்டிய பின்புதான் அக்கூடாரத்திலிருந்து விடுதலை கிடைத்தது. ஆனால் புதிய தகடு முன்னதைவிட ஒளிக்கு மிகவும் கூசியது. முன்பு கவனிக்காமல் விடக்கூடிய சிறு கசிவும் இப்பொழுது படத்தைக் கெடுத்தது. கலை வளர வளர, இருளைக் காக்கும் கடமையும் வளர்ந்தது.

துருத்தியின் கதை

காமிராவில் ஒளி கசியும் இடங்களுள் முதன்மையானது துருத்தி. கொல்லன் உலையில் காண்பது போலவும், ஆர்மோனியப் பெட்டியில் காண்பது போலவும் மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் தோலுறை அது. 1856-இல் பவுக் என்னும் கப்பித்தான் துருத்திக் காமிராவுக்கு உரிமை பெற்றார். மறு ஆண்டில் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த கின்னியர் என்பவர் முன்புறம் குறுகிச் செல்லும் துருத்தியை அமைத்தார். அதனால் பெட்டி மடங்கியது, சுமை குறைந்தது.

ஆனால் மடிப்பு இருக்குமிடத்தில் தேய்வும் உண்டு. நூறு முறை மடிந்த வேட்டி எங்கே கிழியும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்ததே. துருத்தியின் மடிப்பு மூலைகளில் தோல் வெடிக்கும். நம் நாட்டு வெயிலில் மரம் சுருங்கும். மழையில் பசை விடும். பூச்சி தோலைத் தின்னும். இதனை உணர்ந்த ஆங்கிலேயத் தொழிலாளர் வெப்ப நாடுகளுக்கென்றே தேக்கு மரத்தில் பித்தளைப் பூண் கட்டிய காமிராக்களைச் செய்து அனுப்பினர்.

கடல் கடந்து வந்த துருத்தி கிழிந்தால் யாரிடம் போவது? இதற்கு விடை கேரளத்து ஆலப்புழையில் கிடைத்தது. அங்கே இசைக்கருவிகளைப் பழுதுபார்த்து வந்த ஒரு குடும்பத்திடம் ஸ்டுடியோக்காரர் ஒருவர் தம் காமிராவின் துருத்தியைச் சீர்செய்யத் தந்தார். ஆர்மோனியத்தில் காற்றை அடைக்கத் தெரிந்த கைக்கு, காமிராவில் ஒளியை அடைப்பது எட்டாத வித்தையாகவில்லை. அக்குடும்பத்து இளைஞர் கே. கருணாகரன் அதனைச் சீர்செய்ததோடு நில்லாமல், பின்னர்த் தாமே ஒரு காமிராவை உருவாக்கினார். 1940-களில் பிறந்த அந்த 'வாகீசுவரி' காமிரா பல ஆண்டுகள் இந்தியாவெங்கும் ஸ்டுடியோக்களில் நின்றது. ஒளிக்கசிவை அடைக்கப் புகுந்த ஒருவர் ஒரு தொழிற்கூடத்தையே நிறுவினார் என்றால், பழுதுபார்ப்பது இழிந்த வேலை என்று இனி யாரும் கூற வேண்டா.

சிவப்புச் சாளரம்

காமிராவை ஏழை எளியோர் கைக்குக் கொண்டு வந்தது சுருள் பிலிம். 1888-இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடாக் காமிராவை வெளியிட்டார். 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி பெட்டிக் காமிரா வந்தது. இன்றும் விற்கப்படும் 120 என்னும் பிலிம் அளவு 1901-இல் பிறந்தது. இப்பிலிமின் பின்னே கறுப்புக் காகிதம் ஒட்டி வரும். அதில் எண்கள் அச்சிட்டிருக்கும். காமிராவின் முதுகில் உள்ள சிறிய சிவப்புச் சாளரத்தின் வழியே அவ்வெண்ணைப் பார்த்துச் சுற்ற வேண்டும். 1892-இல் பாஸ்டன் நகரத்துக் காமிராவொன்றில் தோன்றிய ஏற்பாடு இது.

சாளரம் ஏன் சிவப்பாக இருந்தது? அந்நாளைய பிலிம் சிவப்பு ஒளியை அறியாது. அதனால் சிவப்புக் கண்ணாடி வழியே ஒளி வந்தாலும் கேடு இல்லை. 1906-இல் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. நாளடைவில் பிலிமும் அவ்வாறே ஆயிற்று. அன்று முதல் அந்தச் சாளரமே கள்ளன் புகும் வாயிலாயிற்று. பழைய காவலாளி அங்கேயே நின்றான். கள்ளன்தான் வேறு உடையில் வரலானான். ஆதலின் இன்று பழைய காமிராவைக் கையாள்வோர் சிவப்புச் சாளரத்தை எப்பொழுதும் மூடி வைத்து, சுற்றும்போது மட்டும் நிழலில் திறந்து பார்ப்பது நலம்.

நம் நாட்டில் பரோடாவில் செய்யப்பட்ட 'அக்ஃபா கிளிக் மூன்று' காமிராவை நடுவயது கடந்த எவரும் மறந்திரார். ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என இரண்டே அடையாளங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படமெடுக்கலாம். நம் தமிழகத்து உதகமண்டலத்தில் 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தி தொடங்கிற்று. அதன் 'இந்து' பிலிம் நீலகிரியிலிருந்து நாடெங்கும் சென்றது. இன்று அவ்வாலை இல்லை. பிலிம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலையும் மிகுதி. ஒரு சுருள் கெட்டால் பணமும் போகிறது. அதைவிடப் பெரிதான ஒன்றும் போகிறது.

எம் வீட்டுக் கதை

நிற்க. முன்னர்க் கூறுவோம் என்று விட்ட சொந்தக் காரணத்துக்கு வருவோம்.

எம் தந்தையார் பணிமனையில் பிட்டராக இருந்தவர். ஒரு பெட்டிக் காமிரா வைத்திருந்தார். அதற்கு அம்மா தைத்துக் கொடுத்த துணியுறை உண்டு. 1990-ஆம் ஆண்டு, எமக்குப் பதினோரு வயதிருக்கும். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து தந்தையாரைப் பெற்ற அன்னையார் பொங்கலுக்கு வந்திருந்தார். நாங்கள் அவரை அப்பாயி என்று அழைப்போம். அதுவரை அவரை ஒருவரும் படமெடுத்ததில்லை. தந்தையார் புதிதாக ஒரு சுருள் பிலிம் வாங்கி வைத்தார்.

படமெடுப்பதற்கு முன்னாள் மாலை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், நாம் அக்காமிராவை உறையிலிருந்து எடுத்துக் கண்ணருகே வைத்து விளையாடினோம். கை தவறிற்று. காமிரா சிமெண்டுத் தரையில் விழுந்தது. பின்கதவின் கீல் சற்றே வளைந்தது. நாம் பல்லால் கடித்தும் கையால் அழுத்தியும் அதனை மூடி, உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். ஒருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் தந்தையார் பிலிமைப் போட்டார். கதவு மூடியது, அவருக்கு ஐயம் எழவில்லை. அப்பாயியை வாயிற்படியில், துளசி மாடத்தருகில், வேப்ப மரத்தடியில் என்று நிறுத்திப் பதினொரு படங்கள் எடுத்தார். ஒவ்வொரு முறையும், "அம்மா, இங்கே பார்" என்றார். பன்னிரண்டாவதை மாலையில் தாழ்வாரத்தில் எடுத்து, உடனே சுற்றி முடித்துவிட்டார். ஸ்டுடியோவில் கழுவி வந்தபோது பதினொரு படங்களிலும் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைத் தழல். சரியாக முகம் இருக்குமிடத்தில் அது விழுந்திருந்தது. பன்னிரண்டாவது தெளிவாக இருந்தது. ஆனால் அதில் அப்பாயி குனிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கைகள் மட்டுமே தெரிந்தன. தந்தையார் படங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெயில் புகுந்துவிட்டதடா" என்று மட்டும் சொன்னார். கடைக்காரரைக் குறை கூறவில்லை. காமிராவையும் குறை கூறவில்லை. "அடுத்த பொங்கலுக்கு எடுப்போம்" என்றார்.

அடுத்த பொங்கலுக்கு அப்பாயி இல்லை. தந்தையாரும் 2003-இல் மறைந்தார். அவர் தம் அன்னையின் முகத்தைப் படத்தில் காணவே இல்லை. கீல் வளைந்த கதை அவருக்குத் தெரியாமலே போயிற்று. அதனை இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறோம்.

பழுது கண்ட முறை

சில ஆண்டுகளுக்கு முன் அக்காமிராவை எடுத்துக்கொண்டு ஐதராபாத் கோட்டிக் கடைத்தெருவின் ஒரு சந்தில் முதிய பழுதுபார்ப்பவர் ஒருவரை நாடினோம். உருது பேசும் பெரியவர். கெட்ட நெகடிவையும் உடன் கொடுத்தோம். அவர் காமிராவைத் தொடவில்லை. நெகடிவைத்தான் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நோய் எங்கே என்று இதுவே சொல்லும், பேட்டா" என்றார். அவர் காட்டிய வழியையே கீழே தருகிறோம்.

கறை படத்தின் எல்லையைக் கடந்து பிலிமின் விளிம்பு வரை பரவியிருந்தால், ஒளி பின்கதவின் வழியே வந்தது என்று கொள்ளலாம். படத்தின் எல்லைக்குள் மட்டும் மங்கல் இருந்தால் துருத்தியையோ முன்புறத்தையோ ஐயுற வேண்டும். வண்ணப் பிலிமில் கறை செந்நிறமாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருந்தால் ஒளி பிலிமின் முதுகுப்புறத்திலிருந்து வந்தது. ஏனெனில் சிவப்பை உணரும் படலம் அடியில் உள்ளது. வெயிலில் நெடுநேரம் வைத்திருந்த படத்தில் கறை மிகுந்தும், உடனே சுற்றிய படத்தில் குறைந்தும் இருக்கும். எம் பன்னிரண்டாவது படம் தப்பியதன் காரணம் இதனால் விளங்கிற்று.

அடுத்து ஓட்டையைக் கண்டுபிடித்தல். இரவில் விளக்கணைத்த அறையில் சிறிது நேரம் அமர்ந்து கண்ணை இருளுக்குப் பழக்க வேண்டும். பின்பு துருத்தியை முழுதும் விரித்து, உள்ளே ஒரு சிறு டார்ச்சு விளக்கை வைத்து, வெளியிலிருந்து மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். ஓட்டை விண்மீன் போல் தெரியும். அவ்விடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம்.

துருத்தியின் ஊசித்துளைகளுக்கு, மெல்லிய கறுப்புத் துணித்துண்டை வளையக்கூடிய பசையால் உட்புறமாக ஒட்டுவதே நிலையான மருந்து. துணி தடிப்பானால் துருத்தி மடங்காது. பசை நன்றாகக் காயும் வரை விரித்தே வைத்திருக்க வேண்டும். பளபளக்கும் வண்ணம் ஆகாது. அது உள்ளேயே ஒளியைச் சிதறடிக்கும்.

பின்கதவுக்கு வேறு மருந்து. பழைய காமிராக்களில் கதவு அமரும் பள்ளத்தில் கம்பளி நூலோ வெல்வெட்டோ இருக்கும். பின்னாளில் வந்த சப்பானியக் காமிராக்கள் பலவற்றில் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். அது நாட்பட்டால் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, தார் போல் பிசுபிசுக்கும். அதனை விரல் நகத்தால் சுரண்டலாகாது. மூங்கில் குச்சியின் முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சற்றே நனைத்து, பொறுமையாக எடுக்க வேண்டும். ஒரு துளியும் ஷட்டரின் மேல் சிந்தாதபடி காகிதத்தால் மறைத்துக்கொள்ள வேண்டும். பள்ளம் தூய்மையான பின் கறுப்புக் கம்பளி நூலைச் சிறிதளவு பசையிட்டு அதில் பதிக்கலாம். கீல் இருக்கும் பக்கத்தில் கறுப்பு வெல்வெட்டுத் துண்டு நன்று. நூலின் பிசிறு உள்ளே உதிர்ந்தால் படத்தில் மயிர் போல் விழும். ஆகையால் ஊதித் துடைத்த பிறகே பிலிம் போட வேண்டும்.

பெரியவர் எம் காமிராவின் கீலைச் சிறு குறடால் நிமிர்த்தினார். பள்ளத்தில் கம்பளி நூலைப் பதித்தார். அளந்து பார்த்தோம், நூல் ஒரு முழங்கூட இல்லை. வேலை முடிய அரைமணி நேரம் ஆயிற்று. "எப்பொழுது விழுந்தது?" என்று கேட்டார். ஆண்டைச் சொன்னோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்றே கொண்டுவந்திருந்தால் அன்றே சரியாகியிருக்கும்" என்றார். அதற்கு நாம் என்ன விடை கூறுவது? கூலியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அடுத்த பொங்கலன்று அக்காமிராவில் எம் தாயாரைப் படமெடுத்தோம். வாயிற்படியில் நிறுத்தினோம். படம் கழுவி வந்தது, கோடு இல்லை, முகம் தெளிவாக இருக்கிறது. அதனை அப்பாயியின் வெற்றிலை மடிக்கும் கைகளுக்கு அருகில் மாட்டியிருக்கிறோம்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

இன்று ஒவ்வொருவர் கையிலும் படமெடுக்கும் தொலைபேசி உள்ளது. பழைய காமிராவைச் சீர்செய்வது வீண் வேலை என்று சிலர் கருதலாம். அவ்வாறு கருதுவோரோடு நாம் வாதிட வரவில்லை. ஆனால் அக்காமிராவின் வழியேதான் நம் பெற்றோர் இவ்வூரில் தம் வாழ்வைப் பார்த்தனர். லாலாகுடாவில் முதற்சம்பளம் வாங்கிய நாளும், மல்லாபூரில் முதன்முதல் கூரை போட்ட நாளும் அதனுள் நுழைந்துதான் நம்மை வந்தடைந்தன. சில வீடுகளில் கழுவாத சுருள் இன்னும் உள்ளே கிடக்கவும் கூடும். ஆகவே பரணிலிருந்து எடுக்கும் காமிராவை வெளிச்சத்தில் திறந்து பார்த்துவிடாதீர்கள். எண் காட்டும் சாளரத்தில் எண் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றும் குமிழ் இறுக்கமாக இருந்தால் உள்ளே பிலிம் உண்டு என்று ஐயுறுங்கள். இருட்டில் வெளியே எடுத்து, அறிந்தவரிடம் கொடுங்கள்.

சங்க அன்பர்கள் தத்தம் வீட்டுக் காமிராக்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எம்மிடம் கொண்டுவரலாம். நமக்குத் தெரிந்த அளவில் பார்த்துத் தருவோம். தெரியாததைத் தெரிந்தவரிடம் சேர்ப்போம். கூலி வேண்டா, கம்பளி நூல் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்தால் போதும்.

நம் குடியிருப்புச் சிறுவர் சிறுமியர்க்கும் ஒரு சொல். வீட்டில் ஒரு பொருள் உங்கள் கை தவறி விழுந்தால், விழுந்தது என்று அன்றே சொல்லிவிடுங்கள். பெரியோர் ஒரு நாள் கடிந்துகொள்வர், அவ்வளவுதான். வளைந்த கீலை அரைமணி நேரத்தில் நிமிர்த்திவிடலாம்.

வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!